ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு கூடப்பிறந்தவர்கள்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்காக விடுமுறை நாட்களில் ஒரு சிறு கூடல் நடத்துகிறோம். நானும் அப்படி ஒரு தம்பியோடு வளர்ந்தவள்தான். புதிதாக வரும் பெற்றோர் வாயைத் திறந்தால் அடுத்த வரி என்னவென்று முன்னமே தெரிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஓடிய அதே வரிகள். ஒப்பிடாதீர்கள், நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு தடவை விளக்கிவிட்டு நிறுத்துவது

"அண்ணனுக்குப் பேச்சு வர நேரமாகும்" என்பது நாலு வயதுக்குப் போதும். ஒன்பது வயதில் அந்தப் பிள்ளை எதுவும் கேட்கவில்லை என்றால், புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நாம் சொல்லாததற்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு காரணம் கட்டிக்கொள்வார்கள். நான் தள்ளிவிட்டதால் வந்ததா, எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா, பெரியவனானால் போய்விடுமா? கூடலில் இவை ஓயாமல் வரும் கேள்விகள். ஒட்டிக்கொள்ளாது, யார் தப்பும் இல்லை, அவன் மூளை வேலை செய்யும் விதமே அப்படி என்று அந்தந்த வயதுக்கு ஏற்ற பேச்சில் மறுபடி மறுபடி சொல்லுங்கள்.

"எங்களுக்கு அப்புறம் நீதான்"

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அன்பாகத்தான் சொல்கிறார்கள், போகிற போக்கில், பெரும்பாலும் உறவினர் முன்னால். சொன்னவர் ராத்திரிக்குள் மறந்துவிடுகிறார். கேட்ட பிள்ளை மறப்பதில்லை. கூடலில் ஒரு பையன் கேட்டான்: "நான் கல்யாணம் பண்ணிக்கிட்டா, அண்ணன் கட்டில் என் ரூம்லயா இருக்கணும்?" பெரியவர்கள் சிரித்தார்கள். அவன் பதிலுக்குக் காத்திருந்தான்.

இன்னொரு பெண். விரும்பிய படிப்புக்கு வெளியூரில் இடம் கிடைத்தும், பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே சேர்ந்துகொண்டாள். வீட்டை விட்டு இருக்க மாட்டாள் என்று பெற்றோருக்கு அதில் பெருமை வேறு. போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. அந்த ஒரு வாக்கியமே தடுத்துவிட்டது.

இதில் அடுத்த சிக்கல், சொன்னதோடு ஏற்பாடு முடிந்துவிட்டதாகப் பெற்றோர் நினைத்துக்கொள்வது. எந்த மாத்திரை எந்த நேரம், எந்தச் சத்தம் தாங்காது, மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து கத்துவது, அழுவது) வருமுன் என்ன அறிகுறி, மாற்றுத்திறனாளி சான்றிதழ் எங்கே, பணம் யார் பேரில் என்பதெல்லாம் அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கும். அம்மா திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்தால், "நீதான்" என்று வளர்க்கப்பட்டவர் ஒன்றும் தெரியாமல் நிற்பார். அந்த மாதிரி போன் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது.

அப்புறம், யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரும் அதே அறையில்தான் இருக்கிறார். பேச்சு வராதவர்களில் பலருக்குப் பேசுவது புரியும். யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று அவரிடம் கேட்டீர்களா? படம் காட்டியோ எழுதிக் காட்டியோ கேட்கலாம்.

சின்ன வயதில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அவனைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. அதற்கு ஏற்பாடு செய்கிறோம்." சொல்லிவிட்டு உண்மையிலேயே செய்யுங்கள். சட்டப்படியான பாதுகாவலர், பணம், தங்குமிடம், அன்றாட விவரம் எழுதிய ஒரு நோட்டு. வளர்ந்த பிறகு கேள்வியாகக் கேளுங்கள்: "இதில் நீ எந்த அளவுக்கு இருக்க நினைக்கிறாய்?" கணக்கு வழக்கைப் பார்க்கச் சம்மதிப்பவர் கூடவே வைத்துக்கொள்ளச் சம்மதிக்காமல் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு வேலை. "தெரியவில்லை" என்பதும் பதில்தான். இப்படிக் கேட்டால் பாசம் விட்டுப்போகும் என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, வேண்டாம் என்று சொல்ல வழியிருந்தவர்கள்தான் கடைசிவரை நெருக்கமாக இருக்கிறார்கள்.

தங்கையைத் தெரபிஸ்ட் ஆக்குவது

வேண்டாம். அண்ணனுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை இல்லை. விளையாடட்டும்.

அடிபட்டவளை "விடு" என்பது

"அவன் வேணும்னே செய்யலை, விடு." வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. வலித்ததும் உண்மை. அவனை ஒருவர் அமைதிப்படுத்தும்போது, இவளிடம் ஒருவர் போய் முதலில் காயத்தைப் பார்க்க வேண்டும், விளக்கம் பிறகு. உள்ளே தாழ் போட்டுக்கொள்ள ஓர் அறையும், அவன் கைக்கு எட்டாத ஒரு அலமாரியும் அவளுக்கு வேண்டும். கிழிந்த ஓவியத்துக்காக அவள் கோபப்படட்டும், அதற்கு உபதேசம் செய்யாதீர்கள்.

"இவளால் ஒரு தொந்தரவும் இல்லை"

அவளைத்தான் முதலில் கவனியுங்கள். அவளுக்கும் ஆட்டிசம் இருந்து கண்ணில் படாமல் போவது உண்டு, பெண் பிள்ளைகளிடம் குறிப்பாக.

"ஐந்தில் ஒருவர்" கணக்கைத் தப்பாகப் படிப்பது

இது வளர்ந்துவிட்ட கூடப்பிறந்தவர்கள் செய்வது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால், பின்னால் பிறக்கும் தம்பி தங்கைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது என்று 2011-லும் 2024-லும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. இதை இணையத்தில் படித்துவிட்டு, தனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கான கணக்கு என்று ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்கள். அது கூடப்பிறந்தவர்களுக்கான கணக்கு. உங்கள் பிள்ளையைப் பற்றிய கேள்விக்கு மரபணு ஆலோசகரிடம் போங்கள். அண்ணனுக்கு முன்பே மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அந்த முடிவை அவர் முதலில் கேட்பார். வீட்டில் இப்போதே ஒரு நகல் வாங்கி வையுங்கள்.