துத்தி விதை முளைக்கவில்லையா?

வேலியோரம் தானாக முளைக்கிற துத்தி, நாம் தொட்டியில் விதைத்தால் மட்டும் அடம்பிடிக்கும். விதையின் கெட்டித் தோல்தான் காரணம். பல்சக்கரம் மாதிரி இருக்கும் காய் கருத்துக் காய்ந்ததும் உதிர்த்து, சிறுநீரக வடிவ விதைகளை எடுங்கள். உப்புத்தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, தோலின் பளபளப்பு மங்கும் வரை லேசாகத் தேயுங்கள். நசுக்கிவிடக் கூடாது! இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் உப்பியவற்றை மட்டும் அரை விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். நல்ல வெயில் வேண்டும்.

நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் முழங்கால் உயரத்திலேயே புதராகப் படரும். மஞ்சள் பூவைப் பார்க்க மாலையில் போங்கள், காலையில் மூடித்தான் கிடக்கும். அப்புறம், வெண்டை, செம்பருத்தி பக்கத்தில் மட்டும் வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், மாவுப்பூச்சி சுலபமாகத் தாவிவிடும்.