டீசல் ஊறிய மண்ணை மண்புழு வைத்துத் தேற்றுவது எப்படி? (பம்புசெட் மண்ணுக்கான செய்முறை)

டீசல் என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்த தோட்டமென்றால் என்ஜின் ஷெட்டைச் சுற்றி ஒரு கறுத்த திட்டு இருக்கும். அதில் கோரைகூட முளைக்காது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், வானவில் நிறத்தில் படலம் மிதக்கும். எங்கள் தோட்டத்தில் அந்தத் திட்டு கிணற்றுக்கு நாலு எட்டுத் தள்ளித்தான் இருந்தது. மாடு குடிக்கிற தண்ணீர், அதனால் அப்படியே விட மனசு வரவில்லை. வெட்டியெடுத்து ஓடை ஓரம் கொட்டலாம் என்றார்கள். அப்படிச் செய்தால் நம் பிரச்சினை ஊர்ப் பிரச்சினையாகும், அவ்வளவுதான்.

மண்புழுவை வைத்து அந்த மண்ணைத் தேற்றினோம். செய்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். டீசலைத் தின்று தீர்ப்பது பெரும்பாலும் மண்புழு இல்லை. அந்த வேலையைச் செய்வது சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள். அவை எல்லா மண்ணிலும் இருக்கின்றன. ஆனால் எண்ணெய் ஊறி இறுகிய மண்ணில் காற்று இல்லை, ஈரம் சீராகப் போகாது, தழைச்சத்தும் (நைட்ரஜன்) கிடையாது. புழு வளை தோண்டிக் காற்றைக் கொண்டுவருகிறது, மண்ணைத் தின்று புரட்டிப் போடுகிறது. அதன் வழவழப்பிலும் எச்சத்திலும் இருக்கிற தழைச்சத்தில் பாக்டீரியா பெருகுகிறது. இது புரிந்தால் கீழே உள்ள வரிசை ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரியும்.

படி 1: சொட்டுவதை நிறுத்துங்கள், மண்ணை வெளியே எடுங்கள்

என்ஜினுக்கு அடியில் தட்டு வைத்துவிட்டு, டீசல் வாடை அற்றுப்போகிற ஆழம் வரைக்கும் மண்ணை வெட்டியெடுங்கள். கையுறை கட்டாயம், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. வெட்டிய மண்ணைக் கிணற்றை விட்டுத் தள்ளி, நிழலில், கனமான தார்ப்பாய் விரித்து அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். மழைத்தண்ணீர் வழிந்து ஓடாதபடி தார்ப்பாயின் ஓரத்தைச் செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாள் வேண்டாம், மண்வெட்டி பட்டதும் கிழியும். தார்ப்பாய் என்றால் நான் சில்பாலின்தான் வாங்குவேன்.

தார் மாதிரி கெட்டியாக இருக்கிற பழைய என்ஜின் ஆயில் கட்டிகளைத் தனியாகப் பொறுக்கி, மூடியுள்ள டின்னில் போட்டுவையுங்கள். கழிவு ஆயில் வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடலாம். அதில் துத்தநாகம் போன்ற உலோகங்களும் கலந்திருக்கும், புழு கையாளக்கூடிய சரக்கு அது இல்லை.

படி 2: தொழு உரம் கலந்து ஆறப்போடுங்கள்

மூன்று சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி மக்கிய தொழு உரம், ஒரு கை நறுக்கிய வைக்கோல். பச்சைச் சாணம் வேண்டாம், சூடேறும். டீசலில் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான் இருக்கின்றன. அதைத் தின்கிற பாக்டீரியாவுக்குத் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) நாம்தான் கொடுக்க வேண்டும். இந்த வேலையில் பொதுவாகச் சொல்கிற விகிதம், கார்பன் 100 பங்குக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1. தோட்டத்தில் யாரும் அளந்து போட முடியாது. தொழு உரத்தோடு வாரம் ஒரு முறை தண்ணீர் கலந்த கோமியம் தெளித்தால் ஓரளவு ஈடாகும்.

வாரம் ஒரு தடவை புரட்டுங்கள். இதற்குப் பல் வைத்த மண்வெட்டி இருந்தால் நல்லது, சாதாரண மண்வெட்டி ஈர மண்ணை அப்பி அப்பி இறுக்கிவிடும். வெயில் காலத்தில் இரண்டு மாதம் போல ஆறட்டும். மழை, பனி நாளென்றால் இன்னும் கூட.

இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியாது. புழு தோலால் மூச்சு விடுகிற உயிர். புது டீசலில் இருக்கிற லேசான பகுதிகள் அதன் தோலைச் சுட்டுவிடும். அந்த லேசான பகுதி ஆவியாகவும் பாக்டீரியா தின்னவும் நேரம் கொடுக்க வேண்டும்.

ஆறிவிட்டதா என்று மேலோட்டமாகப் பார்க்க, ஒரு கண்ணாடித் தம்ளரில் முக்கால் தண்ணீர் எடுத்து, ஒரு ஸ்பூன் மண் போட்டுக் கலக்கி, அசையாமல் வையுங்கள். மண் அடியில் இறங்கியதும் தம்ளரைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஆரம்பத்தில் தண்ணீரின் முகம் முழுக்க ஊதாவும் பச்சையுமாகப் படலம் மூடியிருக்கும், ஈர்க்குச்சியால் தொட்டால் விலகி உடனே கூடிக்கொள்ளும். ஆறிய மண்ணில் அது உடைந்து தனித்தனிப் பொட்டுகளாக நிற்கும். பொட்டுகளும் அரிதானால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: புழுவை விலைக்கு வாங்காதீர்கள்

இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மண்புழு உரக் கூடங்களில் கிடைப்பவை பெரும்பாலும் ஐசீனியா ஃபெடிடா, இல்லையென்றால் யூட்ரிலஸ் யூஜினியே. இரண்டும் குப்பையிலும் சாணத்திலும் மேலாக வாழ்கிறவை. வெறும் மண்ணுக்குள் இறங்கி வளை போட்டு வாழ்வது அவற்றின் சுபாவம் இல்லை. நமக்கு வேண்டியது நம் மண்ணுக்குள்ளேயே வாழ்கிற லாம்பிட்டோ மௌரிட்டி. மேல் மட்டத்துக்குப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் கூட இருந்தால் நல்லது. சென்னை பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல வருஷமாக வலியுறுத்தி வருவதும் இந்த உள்ளூர் இனங்களைத்தான்.

உள்ளூரிலும் எங்கே எடுப்பது? கெட்டுப்போன திட்டின் விளிம்பில். செழிப்பான வாழைத் தோப்பை விட்டுவிட்டு அங்கே தேடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டெவன் கிரேட் கன்சோல்ஸ் என்று ஒரு பழைய சுரங்கம். 19-ஆம் நூற்றாண்டில் முதலில் செம்பும் அப்புறம் ஆர்சனிக்கும் எடுத்த இடம். மூடிப் பல தலைமுறை ஆன பிறகும் அங்கே கழிவு மண்ணில் ஆர்சனிக் ஏராளம், ஆனாலும் லும்ப்ரிகஸ் ரூபெல்லஸ் என்ற மண்புழு அதில் வாழ்கிறது. ஆராய்ச்சியாளர்கள் சுத்தமான இடத்திலிருந்து அதே இனப் புழுவை எடுத்து ஆர்சனிக் கலந்த மண்ணில் விட்டுப் பார்த்தார்கள். அது செத்தது, சுரங்கத்துப் புழு தாங்கியது. ஒரே இனம்தான், வளர்ந்த மண்தான் வேறு.

என்ஜின் ஷெட்டு ஓரத்தில் இருக்கிற புழு அந்த அளவுக்கு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லேசான டீசல் வாடைக்கு நடுவிலும் ஓடாமல் தங்கியிருக்கிற புழு, வெளியூர்ப் புழுவை விட நல்ல தேர்வு. எங்கள் மண்ணில் இரண்டையும் அடுத்த படியில் உள்ள சோதனைக்கு உட்படுத்தினேன். விளிம்பிலிருந்து எடுத்தவை முன்னதாகவே உள்ளே இறங்கின.

மழை விட்ட மாலையில், அந்த விளிம்பை ஒட்டிய வாய்க்கால் ஓரம், விழுந்து கிடக்கிற தென்னை மட்டைக்கு அடியில் கையால் தோண்டி எடுங்கள். சிறு சிறு உருண்டையாகப் புழு எச்சம் குவிந்திருக்கிற இடம் நிச்சயமான அடையாளம். கடுகுப் பொடி கரைத்த தண்ணீரை ஊற்றினால் புழு தானாக மேலே வரும், உண்மைதான். ஆனால் எரிச்சல் தாங்காமல்தான் வருகிறது. சோதனைக்கும் மண்ணில் விடுவதற்கும் அப்படி எடுத்த புழு எனக்குப் பிடிக்காது. முன்பக்கம் தடித்த பட்டை தெரிகிற வளர்ந்த புழுக்களாகப் பாருங்கள். லாம்பிட்டோவுக்கு அந்தப் பட்டை 14 முதல் 17 வரையான கண்டங்களில் (உடல் வளையங்களில்) இருக்கும்.

படி 4: புழுவிடமே கேளுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். மண் தயாரா இல்லையா என்று மூக்கு சொல்வதை விடப் புழு சரியாகச் சொல்லும். ஆய்வகங்களிலும் இதற்கென்று விலகல் சோதனை ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஓ. 17512 என்ற எண்ணில் வரையறுத்திருக்கிறார்கள். அதை வீட்டுக்கு ஏற்றபடி செய்யலாம்.

4 லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான அட்டையை நடுவில் நிறுத்தி, ஒரு பக்கம் நல்ல மண், மறுபக்கம் ஆறிய டீசல் மண், இரண்டும் நாலு விரல்கடை உயரம். அட்டையை உருவிவிட்டு, அந்த நடுக்கோட்டின் மேல் 10 புழுக்களை விடுங்கள். ஓட்டை போட்ட மூடியால் மூடி, இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். 48 மணி நேரம் கழித்து முதலில் அட்டையை அதே கோட்டில் திரும்பச் சொருகுங்கள், அப்புறம்தான் கொட்டி எண்ண வேண்டும். அட்டையில்லாமல் கிளறினால் புழு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நழுவிவிடும், எண்ணிக்கைக்கு அர்த்தமில்லாமல் போகும்.

10-க்கு 8-க்கு மேல் நல்ல மண் பக்கம் போயிருந்தால் டீசல் மண் இன்னும் புழு வாழத் தகுந்ததாக இல்லை. படி 2-க்குத் திரும்புங்கள். டீசல் மண்ணில் மூன்று நாலு புழுவாவது தங்கியிருந்தால் முன்னேறலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் முடிவைத் திரித்துவிடுகிற இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று ஈரம். இரண்டு மண்ணும் ஒரே ஈரத்தில் இல்லாவிட்டால் புழு ஈரத்தைத் தேடித்தான் போகும், டீசலைப் பற்றி அது ஒன்றும் சொன்னதாகாது. எண்ணெய் பட்ட மண் தண்ணீரை ஒட்டவிடாது என்பதால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினாலும் ஒரே ஈரம் வராது. பூவாளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்து, ஒரு ராத்திரி சாக்கு போட்டு மூடிவைத்து, மறுநாள் இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்க வரவேண்டும், அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வரக்கூடாது. இரண்டும் கைக்கு ஒரே மாதிரி தெரிகிற வரைக்கும் புழுவை விடாதீர்கள்.

இன்னொன்று தொழு உரம். டீசல் மண்ணில் ஏற்கெனவே தொழு உரம் கலந்திருக்கிறோம். நல்ல மண்ணை அப்படியே வெறுமனே வைத்தால், தீனி இருக்கிற பக்கம் என்று புழு டீசல் மண்ணுக்கே போகலாம். பார்க்கிறவருக்கு மண் சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். நல்ல மண்ணிலும் அதே மூன்றுக்கு ஒன்று அளவில் அதே தொழு உரத்தைக் கலந்துதான் வைக்க வேண்டும்.

சந்தேகம் தீர இன்னொரு டப்பாவில் இரண்டு பக்கமும் நல்ல மண்ணே வைத்து 10 புழு விடுங்கள். ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து இருக்க வேண்டும். ஒரே பக்கம் குவிந்திருந்தால் வெளிச்சமோ சூடோ ஒரு பக்கமாக வருகிறது, டப்பாவை இடம் மாற்றுங்கள்.

படி 5: விடுவது, காப்பது

சோதனையில் தேறிய மண்ணில் சதுர அடிக்கு ஐந்தாறு புழு போதும். மாலையில் மேலே விட்டால் தானாக உள்ளே இறங்கும். இறங்காமல் ஓரம் நோக்கி ஊர்ந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னும் டீசல் இருக்கிறது, அங்கே கூடுதல் தொழு உரம் போட்டுப் புரட்டுங்கள். மேலே சருகு, அதன்மேல் ஈரச் சாக்கு. புழு விட்ட பிறகு மண்வெட்டி போடக்கூடாது, புரட்டுகிற வேலை இனி அவற்றுடையது. மைனாவும் கோழியும் கிளறாமல் பழைய மீன்வலையை மேலே போட்டுவிடுங்கள்.

மாதம் ஒரு முறை தம்ளர் சோதனை. படலமே தெரியாத நிலை வந்ததும் ஒரு தொட்டியில் இந்த மண்ணையும் இன்னொன்றில் நல்ல மண்ணையும் நிரப்பி இரண்டிலும் பச்சைப்பயறு ஊன்றுங்கள். முளைப்பும் வேரின் நீளமும் இரண்டிலும் ஒத்துவந்தால் மண்ணை ஷெட்டுப் பக்கமே திரும்பப் போட்டு, புல்லோ வெட்டிவேரோ வையுங்கள். கீரை, கிழங்கு வேண்டாம். கண்ணுக்குப் படலம் தெரியவில்லை என்றால் எண்ணெய் முழுக்கப் போய்விட்டது என்று பொருளில்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தனியார் ஆய்வகத்தில் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் அது வராது.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்த கேள்விகள்

வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவர், தோல் பதனிடும் ஆலைக் கழிவு பட்ட நிலத்துக்கு இதே முறை ஆகுமா என்று கேட்டிருந்தார். ஆகாது. டீசலை உடைத்துக் கரியமில வாயுவும் தண்ணீருமாக மாற்றிவிடலாம், தோல் ஆலைக் கழிவில் இருக்கிற குரோமியத்தை எந்த உயிராலும் இல்லாமல் ஆக்க முடியாது. காட்மியம் போன்ற உலோகங்களை மண்புழு மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தால் கட்டி, குடலைச் சுற்றியுள்ள திசுவில் ஒதுக்கி வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. கெட்ட மண்ணில் அது பிழைத்திருக்க இப்படிப்பட்ட ஏற்பாடுகள்தான் காரணம். ஆனால் அந்தப் புழுவைக் கொக்கும் கோழியும் தின்றால் உலோகம் அங்கே போய்ச் சேரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை நிலங்களுக்கு வேண்டியது வேறு வைத்தியம். அது அரசும் ஆலைகளும் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டிய பெரிய வேலை. அங்கே ஒரு விவசாயி தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அக்கா கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அங்கே சுன்னாகத்தில் மின் நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் தெரிந்த எவருக்கும் அந்தப் பயம் வரும். அக்கா, தண்ணீரில் கலந்த பிறகு புழுவால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

புழு விட்ட சில நாளிலேயே கட்டெறும்பு மொய்க்கிறது என்று இரண்டு பேர் எழுதினார்கள். எறும்பு மருந்து தூவாதீர்கள், முதலில் சாவது புழுதான். மண் காய்ந்திருக்கும், அதனால்தான் எறும்பு வருகிறது. சாக்கை நன்றாக நனைத்துப் போடுங்கள், தார்ப்பாயின் வெளி ஓரத்தைச் சுற்றிச் சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீர் நிற்க விடுங்கள். எங்கள் ஷெட்டில் அதுவே போதுமானதாக இருந்தது.