கண்ணாடிக்கு வெளியே ஒரு தட்டி: சன்னலுக்கு இயற்கை நிழல்திரை அமைக்கும் முறை

வெயில் அறைக்குள் வந்த பிறகு திரையை இழுத்து மூடுவதால் பெரிய பயன் இல்லை. கண்ணாடி சூரிய ஒளியை எளிதாக உள்ளே விடுகிறது. அந்த ஒளி பட்டுச் சூடேறிய திரையும் தரையும் உமிழும் வெப்பக் கதிர்களையோ வெளியே விடுவதில்லை. ஆகவே மூங்கில், கோரை, நாணல், வெட்டிவேர் என எதனால் பின்னிய தட்டியானாலும் அதைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிடுங்கள். உள்ளே தொங்கும் தட்டி கண்கூச்சத்தைக் குறைக்குமே தவிர, சூட்டை அவ்வளவாகத் தடுக்காது.

முதலில் ஒரு நாள் முழுவதும் எந்தச் சன்னலில் எப்போது வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால், கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு போதாது. செங்குத்தாகத் தொங்கும் தட்டியே வேண்டும். ஒரே ஒரு சன்னலுக்குத்தான் செய்ய முடியுமென்றால் மேற்குச் சன்னலைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் ஏற்கெனவே சூடேறிய பிற்பகல் காற்றோடு நேர்வெயிலும் சேர்ந்து தாக்குவது அங்கேதான்.

அடுத்தது பொருள். மழையும் காற்றும் படும் இடத்துக்கு மூங்கில் பிளாச்சுத் தட்டி ஏற்றது. ஆனால் மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடிப் பொடிவண்டு வரும் என்பதால், வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியதையே வாங்குங்கள். கோரையும் சணலும் ஈரத்தில் பூசணம் பிடிப்பவை. அவற்றைக் கூரையுள்ள தாழ்வாரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெட்டிவேர்த் தட்டியின் சிறப்பு அதை நனைப்பதில் இருக்கிறது: 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், வறண்ட காற்று அதன் வழியே குளிர்ந்து வரும். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால் நீர் மெதுவாகவே ஆவியாகும். அங்கே நனைப்பது வீண்வேலை.

பின்னலின் நெருக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடைவெளியே இல்லாத தட்டி அறையை இருட்டாக்கிப் பகலிலும் விளக்கு போட வைத்துவிடும். மெல்லிய ஒளிக்கீற்றுகள் தெரிவதே சரியான அளவு.

அளவெடுக்கும்போது இருபுறமும் 15 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். 120 செ.மீ. அகலச் சன்னலுக்கு 150 செ.மீ. தட்டி வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்த வெயில் ஓரத்தில் புகுந்துவிடும். மேலே ஒரு மரச்சட்டத்தைச் சுவரில் திருகி, தட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையே 10 செ.மீ. அளவு இடைவெளி இருக்குமாறு கொக்கிகளில் மாட்டுங்கள். இந்த இடைவெளியின் மேல், கீழ் வாய்களை அடைக்காதீர்கள், சூடான காற்று மேலேறி வெளியேறும் வழி அதுதான். சுருட்டி ஏற்றக் கப்பியும் கயிறும் போதும். பருத்திக் கயிறு மழையில் மக்கிப்போகும் என்பதால் தேங்காய் நார்க் கயிறே நல்லது. கீழ்முனையையும் இரு கொக்கிகளில் கட்டுங்கள். நனைத்த தட்டியின் எடை கணிசமாகக் கூடும், ஆகவே திருகாணிகளை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

இவை யாவும் எரியக்கூடியவை. சமையலறை அடுப்பின் அருகிலும், அவசரத்துக்கு வெளியேற வேண்டிய சன்னலிலும் மாட்டாதீர்கள்.

வெயிலில் மூங்கில் சாம்பல் நிறமாவது இயல்பு. கரும்புள்ளிகள் தென்பட்டால் அது பூசணம், உடனே கழற்றித் தேய்த்து உலர்த்துங்கள். நைந்துபோன கோரையையும் வெட்டிவேரையும் உரக்குழியில் போடலாம், ஆனால் நைலான் நூலால் பின்னியிருந்தால் அதை உருவி எடுத்த பிறகே.