அழகான குளியலறைதான், தண்ணீர் எங்கே?

யாங்கோனில் எங்கள் வீட்டுக் குளியலறையைப் பிரித்துக் கட்டியபோது, முதலில் இடித்துத் தள்ளியது அப்பா காலத்துச் சிமெண்ட் தொட்டியைத்தான். கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த படங்கள் எதிலும் தொட்டி இல்லை. வெள்ளைச் சுவர், ஒரு ஷவர், பலகை மேல் சின்னதாய் ஒரு செடி, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. தண்ணி எங்கப்பா?" என்றார்.

மூன்றாம் நாள், தலை நிறைய ஷாம்பு நுரையோடு நிற்கும்போது மின்சாரம் போனது. மோட்டார் ஓடாவிட்டால் நான்காம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. எதிர்வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய ஒரு வாளித் தண்ணீரில்தான் கண் திறந்தேன்.

எளிமையாகக் கட்ட நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். வேண்டாததைக் களைகிறேன் என்று வேண்டியதையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறோம். மின்சாரம் முறை வைத்து வரும் ஊரில், சேர்த்து வைத்த தண்ணீர் இருந்தால்தான் மனசு அமைதியாக இருக்கும். தொட்டி கண்ணை உறுத்தினால் சுவருக்குப் போடும் அதே நிற டைல்ஸை அதற்கும் ஒட்டுங்கள், சுவரோடு சுவராகக் கலந்துவிடும். மூடி கட்டாயம் வேண்டும். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். வாரம் ஒருமுறை வடித்துவிட்டு உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். எடையையும் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி, உயரம் மூன்றடி என்று கட்டினால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 340 கிலோ. பழைய கட்டடத்தின் மேல்மாடி என்றால், பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் கட்ட வேண்டாம்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் வடியத் தரை சரிந்திருப்பது. நகரின் நடுவே பல வீடுகள் பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பதடி நீளம். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குளியலறையைப் பெரிதாகக் காட்ட இரண்டடி டைல்ஸ் போடச் சொல்லுவார்கள். நானும் போட்டேன். ஒரே ஓட்டையை நோக்கி நான்கு பக்கமும் தரை சரிய வேண்டும்; பெரிய டைல்ஸ் வளையாது. மூலைக்கு மூலை வெட்டி ஒட்டினால் அழகு போகும், வெட்டாமல் ஒட்டினால் வாட்டம் போகும். எங்கள் வீட்டில் வாட்டம் போனது. குளித்து முடித்தால் கதவோரம் குட்டிக் குளம். இரண்டு வழி உண்டு: தரைக்கு மட்டும் சின்ன டைல்ஸ், அல்லது ஒரு சுவரோரமாக நீள வடிகால் வைத்துத் தரை முழுவதையும் ஒரே பக்கம் சரிப்பது. ஓர் அடிக்குக் கால் அங்குலம் இறங்கினால் போதும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், நீர்க்காப்புப் பூசிய தரையில் வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி வையுங்கள். கசிவு இருந்தால் கீழ்வீட்டுக் கூரையில் தெரிந்துவிடும். கொத்தனார் "தேவையில்லைங்க" என்பார். தேவைதான். பளபளப்பு டைல்ஸ் வேண்டாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு அது தெரியும்.

வெள்ளை மோகம் அடுத்தது. ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பு அதிகமிருந்தால், காற்றுப் பட்டதும் அது துருவாகி, குழாய்க்குக் கீழே பழுப்புத் தாரையாகப் படியும். நான் பிளீச்சிங் ஊற்றினேன். கறை இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. குளோரின் இரும்பை மேலும் துருவாக்கத்தான் செய்யும். அதை இளக்குவது புளிப்பு. பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் புளியையே தடவி, சற்றுப் பொறுத்து, நன்றாகக் கழுவினால் போதும். பிளீச்சிங் ஊற்றிய இடத்தில் மட்டும் புளிப்பு எதையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பளிங்குக்கும் புளி ஆகாது. மாந்தலே நகரின் குதோடோ பகோடாவில் 729 பளிங்குக் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு, அதே சஜின் மலைப் பளிங்கில் கைகழுவும் தொட்டி செய்ய ஆசைப்படுபவர்களைத் தெரியும். கல் அழகுதான், ஆனால் ஓர் எலுமிச்சைத் துளி அதன் மினுமினுப்பைத் தின்றுவிடும். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு வெள்ளையைவிட மணல் நிறமும் சாம்பல் நிறமும் தோது.

காற்று. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை துவைத்த துண்டே காயாத ஊரில், 'சுத்தமான சுவர்' வேண்டுமென்று பின்சந்துப் பக்கத்து ஜன்னலை அடைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதுதான். விசிறி இருக்கிறதே என்றால், அதற்கும் மின்சாரம் வேண்டுமே.

வெளிச்சத்துக்கு மஞ்சள் கலந்த விளக்கு, 2,700 முதல் 3,000 கெல்வின் வரை, கண்ணுக்கு இதம். அதில் ஒன்றாவது மின்சாரம் போனாலும் எரியும் பேட்டரி பல்பாக இருக்கட்டும். தலைக்கு மேல் கனமான கண்ணாடிப் பலகை மாட்டும் பழக்கத்தை 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகும் விடாதவர்களை என்ன சொல்வது!

பொருள்களை ஒளிக்கும் விஷயத்திலும் நான் தப்புக் கணக்குப் போட்டேன். அலமாரிக்குள் எல்லாவற்றையும் அடைத்தால் அறை அமைதியாகிவிடும் என்று நினைத்தேன். முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டையை அரைக்கும் வட்டக்கல்லை என் மனைவி தினமும் காலையில் எடுப்பார். ஈரக்கல்லை அலமாரிக்குள் வைத்தால் பலகை உப்பும், வெளியே வைத்தால் படம் கெடும். ஒரு மாதம் அது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் சுவரில் ஒரு மாடம் குடைந்து, அதன் அடிப்பக்கத்தை லேசாக வெளிப்பக்கம் சரித்துக் கொடுத்தேன். கல்லும் கட்டையும் இப்போது அங்கேதான். தினம் கைபடுவது வெளியே, மாதம் ஒருமுறை எடுப்பது உள்ளே என்று பிரித்தபின் அலமாரியே பாதியாகச் சுருங்கியது.

தொட்டியும் திரும்பி வந்துவிட்டது, பழையதில் பாதி அளவில். முதல் நாள் அம்மா மூடியைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பலகை மேலிருந்த செடியைத் தூக்கி பால்கனியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் பித்தளைச் சொம்பை வைத்தார்.