மழை வந்தால் மேட்சை எப்படிப் பார்ப்பது

நியூசிலாந்தில் இந்தியா ஒருநாள் போட்டி ஆடுகிறது என்றால் காலை 7 மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அங்கே மழையும் நம்மோடு சேர்ந்தே வரும். கவர் போட்டதும் எழுந்து போய்விடாதீர்கள். கணக்கு தெரிந்தால் அந்த நேரமும் ஆட்டம்தான்.

வானம் இருட்டினாலே ஓவரை எண்ணத் தொடங்குங்கள். மழையில் ஆட்டம் நின்றாலும் முடிவு வர, இரண்டாவதாக ஆடும் அணி ஒருநாள் போட்டியில் 20 ஓவராவது, டி20யில் 5 ஓவராவது ஆடியிருக்க வேண்டும். 2022 நவம்பர் 30, கிறைஸ்ட்சர்ச். இந்தியா 219. நியூசிலாந்து 18 ஓவரில் 1 விக்கெட்டுக்கு 104. இன்னும் இரண்டே ஓவர் நடந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள். மழை விடவில்லை, முடிவும் இல்லை.

அந்த எல்லையைத் தாண்டியாச்சா? அப்புறம் பார் ஸ்கோர்தான் எல்லாம், அதாவது ஆட்டம் அத்தோடு நின்றுவிட்டால் சமன் ஆக இரண்டாவது அணி அதுவரை எடுத்திருக்க வேண்டிய ரன். தேவைப்படும் ரன் ரேட்டை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் அணியின் ஸ்கோர், பக்கத்திலேயே பார் ஸ்கோர் என்று எழுதுங்கள். நான் நோட்டில் பென்சிலால் எழுதுவேன். விக்கெட் விழுந்தால் பாரை உடனே மறுபடி பாருங்கள், ஏறியிருக்கும். மிச்சமிருக்கும் ஓவர், கையிலிருக்கும் விக்கெட் இரண்டையும் சேர்த்துத்தான் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறை கணக்குப் போடுகிறது.

இன்னொன்று, பாரைத் தொட்டால் டைதான். ஜெயிக்க ஒரு ரன் கூட வேண்டும். ஆடுகிறவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 2003 உலகக் கோப்பையில் டர்பனில் இலங்கைக்கு எதிராக, போதுமான ரன் வந்துவிட்டது என்று நினைத்து தென்னாப்பிரிக்காவின் பௌச்சர் மழைக்கு முந்தைய கடைசிப் பந்தைத் தட்டி வைத்தார். ஆட்டம் டை, தென்னாப்பிரிக்கா வெளியே. 2022 நேப்பியர் டி20யிலும் அப்படித்தான். 9 ஓவரில் இந்தியா 4 விக்கெட்டுக்கு 75, பாரும் 75. தொடர் நமக்குத்தான் கிடைத்தது, ஆனாலும் அந்த ஒரு ரன் இன்னும் உறுத்துகிறது.

முதல் இன்னிங்ஸ் நடுவே மழை வந்து ஓவர் குறைந்தால், முதலில் ஆடியவர்கள் எடுத்ததைவிட இலக்கு கூடலாம். அநியாயம் என்று கத்த வேண்டாம். 50 ஓவர் இருக்கிறது என்று நம்பி விக்கெட்டைக் காப்பாற்றி ஆடியவர்களுக்கு அதுதான் நியாயம்.

மழை நின்றாலும் அவுட்ஃபீல்டு காய வேண்டும். அம்பயர்கள் எத்தனை மணிக்குப் பார்வையிடுகிறார்கள் என்று கவனியுங்கள். தாமதத்தை ஈடுகட்ட ஒதுக்கிய உபரி நேரம் தீர்ந்தபின் சுமார் 4 நிமிடத்துக்கு ஓர் ஓவர் குறையும்.

டெஸ்டில் முதல் நாள் முழுக்க மழையில் போனால் ஃபாலோ ஆன், அதாவது பின்தங்கிய அணியையே உடனே மறுபடி ஆடச் சொல்லத் தேவையான ரன் வித்தியாசம் 200லிருந்து 150 ஆகும். இரண்டாம் நாள் முதல் பந்துக்கு முன்பே அதைக் குறித்துவையுங்கள்.