பினாங்கு தேசியப் பூங்கா: நடந்து போங்க, படகில் திரும்புங்க

மலேசியாவின் பினாங்குத் தலைநகரான ஜார்ஜ் டவுனிலிருந்து 101ஆம் எண் பஸ் ஏறி, கடைசி நிறுத்தமான தெலுக் பகாங்கில் இறங்கினால் பூங்கா வாசல் பக்கம்தான். அங்கே பெயரைப் பதிந்து, கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போகணும்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். கடலோரமாகப் போவது குரங்குக் கடற்கரைக்கு, காட்டுக்குள் மேடேறுவது பந்தாய் கெராச்சுட் என்கிற இன்னொரு கடற்கரைக்கு. ஒருநாள்தான் இருக்கிறது என்றால் கெராச்சுட்டுக்கே போங்க. சுமார் ஒன்றரை மணி நேர நடை. மழைக்குப் பிறகு வேர்களும் படிகளும் வழுக்கும், செருப்பு சரிவராது; பிடிமானமுள்ள ஷூ போடுங்க. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேணும், வழியில் கடை கிடையாது.

கெராச்சுட்டில் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. பக்கத்து ஏரியில் மேலே நன்னீர், கீழே உப்புநீர், இரண்டும் கலக்காமல் நிற்கும். ஆனால் வறண்ட மாதங்களில் ஏரி வற்றி வெறும் சேறாகக் கிடக்கும். அதற்காகவே போகிறவர்கள் ஏமாறுவார்கள். கடலில் இறங்காதீங்க: ஜெல்லிமீனும் அடிநீரோட்டமும் உண்டு.

திரும்ப படகுதான் வசதி. வாசலருகே படகுக்காரரிடம் காலையிலேயே நேரமும் விலையும் பேசிடுங்க. அலை பெரிதானால் படகு கரைக்கு வராது, அதனால் நடந்தே திரும்ப வெளிச்சம் மிச்சமிருக்கிற மாதிரி கிளம்புங்க.

குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடுதான். எல்லாவற்றையும் ஜிப் போட்ட முதுகுப் பைக்குள் வையுங்க.