பள்ளி பேண்டைப் பண்டிகை அணிவகுப்புக்கு அழைத்துச் செல்ல: பஸ் கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

பள்ளி மார்ச்சிங் பேண்டோடு வெளியூர் அணிவகுப்புக்குப் போகிறவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இது: தொடக்க இடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் பஸ்கள் முடியும் இடத்துக்குப் போய்விடும். சாலைகளை அடைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் மூன்று, நான்கு மணி நேரத்துக்குப் பஸ்ஸில் மறந்துவிட்ட ஒரு கையுறையைக்கூட எடுக்க முடியாது. பயண ஏற்பாடு, பயிற்சி, மருந்து, உதிரி சாமான் எல்லாவற்றையும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தை வைத்தே திட்டமிடுங்கள்.

அமெரிக்காவில் பள்ளி பேண்டுகள் கனவு காணும் பெரிய அணிவகுப்புகள் இரண்டு. நன்றி கூறும் திருநாளான தேங்க்ஸ்கிவிங் அன்று நியூயார்க்கில் நடக்கும் மேசிஸ் அணிவகுப்பு 1924இல் தொடங்கியது. பாதையின் நீளம் ஏறக்குறைய 2.5 மைல். புத்தாண்டு அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடக்கும் ரோஸ் பரேட் 5.5 மைல், ஜனவரி 1 ஞாயிறாக வந்தால் மறுநாள் நடக்கும். முதலாவதில் தூரம் குறைவு; ஆனால் குளிரும் நடுராத்திரி ஒத்திகையும் சோதிக்கும். இரண்டாவதில் தூரமும் ஒரு பெரிய திருப்பமும் சோதிக்கும். உங்கள் ஊர்வலம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றின் சாயல் அதில் இருக்கும். எது என்று பார்த்துத் தயாராகுங்கள்.

கால்கள்

மைதானத்தில் பழகும் எட்டு (ஒரு காலடி வைப்பு), 5 கஜத்துக்கு 8 வரும். அதாவது ஒரு எட்டு 22.5 அங்குலம். நிமிடத்துக்கு 112 எட்டு வைத்தால் மணிக்கு சுமார் 2.4 மைல் வேகம். பெரிய அணிவகுப்புகள் நகரும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே 5.5 மைல் என்பது, ஒரு இடத்திலும் நிற்காமல் போனாலே, இரண்டேகால் மணி நேர நடை. அதுவும் உடம்பைச் சுற்றி வரும் பெரிய ஊது வாத்தியமான பித்தளை சூசஃபோனைத் தோளில் சுமந்துகொண்டு. அதன் எடை 12 முதல் 16 கிலோ இருக்கும். நீண்ட பாதைக்கு ஃபைபர்கிளாஸ் சூசஃபோன் கிடைத்தால் தயங்காமல் அதையே எடுங்கள். ஒலியில் கொஞ்சம் கனம் குறையும். பிள்ளையின் தோள் தப்பும்.

எட்டு வாரம் முன்பே நடைப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். முதல் வாரம் வாத்தியத்தோடு ஒரு மைல். பிறகு வாரத்துக்கு அரை மைல் கூட்டிக்கொண்டே போங்கள். அணிவகுப்பு நாளில் அணியப்போகும் அதே ஷூ, அதே காலுறையோடு நடக்க வேண்டும். புது ஷூவைப் பயணத்தன்று பிரிப்பதுதான் கொப்புளத்துக்கு முதல் காரணம். மெல்லிய காலுறை ஒன்று, அதன் மேல் தடித்தது ஒன்று என்று இரண்டு போட்டால் உராய்வு துணிகளுக்கு இடையே நடக்கும், தோல் தப்பும். மைதானப் புல்லில் மட்டும் பழகிய பிள்ளைகளுக்குத் தார்ச்சாலையில் முழங்காலும் கெண்டைக்காலும் வலிக்கும். பயிற்சியில் பாதியாவது சாலையில் நடக்கட்டும்.

திருப்பம்

ரோஸ் பரேடில் ஆரஞ்சு குரோவ் சாலையிலிருந்து கொலராடோ சாலைக்குத் திரும்பும் முனை செங்கோணத்தைவிட அகலமான திருப்பம். பெரிய பார்வையாளர் மாடங்களும் தொலைக்காட்சிக் கேமராக்களும் இருப்பது அங்கேதான். பேண்ட் உடைவதும் அங்கேதான். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து பேர் கொண்ட வரிசை, ஆளுக்கு ஆள் 2 மீட்டர் இடைவெளி என்றால் வரிசையின் அகலம் 18 மீட்டர். உள்முனையில் இருப்பவர் 2 மீட்டர் ஆரத்தில் 110 பாகை திரும்பினால் அவர் நடப்பது 4 மீட்டருக்கும் குறைவு. வெளிமுனையில் இருப்பவர் அதே நேரத்தில் 38 மீட்டர் நடக்க வேண்டும். 30 அங்குல எட்டு வைத்தாலும் அவருக்கு 50 எட்டு தேவை. அந்த ஐம்பதையும் உள்முனைக்காரர் ஒரு சாண் தூரம்கூட இல்லாத எட்டுகளாக வைத்தாக வேண்டும்.

பிள்ளைகளுக்கு இயல்பாக வருவது இதற்கு நேர்மாறு. உள்ளே இருப்பவர் சாதாரணமாக நடந்து முன்னே போய்விடுவார், வெளியே இருப்பவர் ஓட ஆரம்பிப்பார். அதனால் உள்முனைக்கு உங்களிடம் உள்ளதிலேயே நிதானமான பிள்ளையைப் போடுங்கள். வெளிமுனைக்கு நீண்ட கால் உள்ளவரைப் போடுங்கள். கனமான வாத்தியக்காரர் அங்கே வேண்டாம். ஒவ்வொருவரும் உள்பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்த்து வரிசையைப் பிடிக்க வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வளைவுகளை வரைந்து, முதலில் வாத்தியம் இல்லாமல், பிறகு தாளத்தோடு, கடைசியில் வாசித்துக்கொண்டே பழகுங்கள். திருப்பம் முடிந்ததும் உடனே எட்டை நீட்டாமல், பின்வரிசை முழுவதும் திரும்பும்வரை முன்வரிசை குறுகிய எட்டில் போவது அவசியம். இல்லாவிட்டால் பேண்டின் நடுவே பெரிய ஓட்டை விழும்.

ஒலி

ஒலி ஒரு வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். 30 மீட்டர் நீளமுள்ள பேண்டில் கடைசி வரிசையில் அடித்த டிரம் முதல் வரிசைக்கு வர 0.09 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு விழும் தாளத்தில் அது ஒரு தட்டின் நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. காது உள்ள எவருக்கும் அது கேட்கும். டிரம்காரர்களை நடுவில் வைத்தால் இந்தத் தாமதம் பாதியாகிவிடும். ஆகவே நடுவில் வையுங்கள். எல்லோரும் நடுவில் ஒலிக்கும் பேஸ் டிரம்முக்குக் கால் வைக்கட்டும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே போகும்போது சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி தனித் தாளம்போலக் கேட்கும். முன்னால் போகும் பேண்டின் டிரம்மும் வந்து கலக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

பாட்டை வழி நெடுக வாசிக்க முடியாது. ஒன்றரை நிமிடப் பாட்டு, பிறகு இரண்டு மூன்று நிமிடம் வெறும் டிரம் தாளம் என்று மாற்றி மாற்றிப் போனாலே நீண்ட பாதையில் இருபது தடவைக்கு மேல் வாசித்திருப்பார்கள். முதல் மைலில் ஆர்வத்தில் இடைவிடாமல் வாசித்த ட்ரம்பெட்காரர்களின் உதடு, கேமரா முன்னால் போகும்போது ஓய்ந்திருக்கும். இதைக் கட்டுப்படுத்துவது பேண்டை முன்னால் நின்று நடத்தும் டிரம் மேஜரின் கையில் இருக்கிறது. எந்தத் தெருமுனையில் வாசிக்க வேண்டும், எதில் கூடாது என்று வரைபடத்தில் குறித்து அவரிடம் கொடுங்கள்.

குளிர்

காற்று வாத்தியங்களின் சுருதி வெப்பநிலையோடு மாறும். காற்று 1 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும்; நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு அரைச்சுரம். 20 பாகை அறையில் சேர்த்த சுருதி 5 பாகைத் தெருவில் கிட்டத்தட்ட கால் சுரம்வரை இறங்கலாம். மூச்சின் சூடு அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். உலோகப் பட்டைகள் கொண்ட குளோக்கன்ஸ்பீல் மட்டும் குளிரில் துளி ஏறும். ஆகவே ஓட்டல் அறையில் சுருதி சேர்ப்பதால் பயனில்லை. வெளியே வந்து, பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு சேர்க்க வேண்டும். அணிவகுப்பு தொடங்கக் காத்திருக்கும்போதும் ஓசை எழுப்பாமல் சூடான மூச்சை உள்ளே ஊதிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

ட்ரம்பெட் போன்ற பித்தளை வாத்தியங்களின் வால்வுக்குள் தேங்கும் ஈரம் உறைநிலைக்குக் கீழே பனிக்கட்டியாகி வால்வைப் பிடித்துவிடும். விரல்களால் வால்வை அமுக்கிக்கொண்டே இருப்பதும், தண்ணீரை அடிக்கடி வடிப்பதும்தான் வழி. ஊதுமுனையைக் கழற்றிக் கைக்குள் வைத்திருக்கலாம். பிளாஸ்டிக் ஊதுமுனை இருந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும் பயம் இல்லை. மரத்தால் ஆன கிளாரினெட்டைக் குளிர் அணிவகுப்புக்கு எடுத்துப் போகவே கூடாது. உள்ளே சூடான மூச்சும் வெளியே குளிர்ந்த காற்றும் பட்டால் மரம் வெடிக்கும், அதைச் சரிசெய்யச் செலவு அதிகம். பிளாஸ்டிக் கிளாரினெட் போதும். கிளாரினெட், புல்லாங்குழல்காரர்களின் கையுறைகளில் விரல்நுனியை வெட்டிவிடுங்கள்.

பயணம்

150 பிள்ளைகள், 15 பெரியவர்கள் என்றால் 56 இருக்கை பஸ் மூன்றில் அடக்கிவிடலாம் என்று தோன்றும். நான்கு எடுங்கள். சீருடைப் பைகள், தொப்பிப் பெட்டிகள், உடம்பு சரியில்லாமல் படுக்க வேண்டிய ஒரு பிள்ளை, எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். வாத்தியங்களுக்குத் தனி லாரி. கடைசியில் ஏற்றியது முதலில் இறங்கும். எனவே முதலில் தேவைப்படும் டிரம்களை வாசல் பக்கம் வையுங்கள். மர வாத்தியங்கள் ஏதாவது உடன் வந்திருந்தால் இரவில் லாரியில் விடாமல் அறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறும் விஷயம் ஓட்டுநரின் நேரம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்ஸுக்கான அமெரிக்க விதிப்படி, தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வெடுத்த ஓட்டுநர் 10 மணி நேரம்தான் ஓட்டலாம். மொத்தம் 15 மணி நேரம் பணியில் இருந்துவிட்டால் பிறகு ஓட்டவே கூடாது. காத்திருக்கும் நேரமும் பொதுவாகப் பணி நேரம்தான். மேசிஸ் போன்ற அணிவகுப்பில் பேண்டுகள் விடியும் முன்பே 34ஆவது தெருவில் ஒத்திகை பார்க்க வேண்டும். முந்தைய நாள் சுற்றிப்பார்க்கவும் இரவுச் சாப்பாட்டுக்கும் அதே ஓட்டுநரை அலைக்கழித்தால், அதிகாலையில் அவர் சட்டப்படி ஓட்ட முடியாத நிலை வரும். நேர அட்டவணையைப் பஸ் நிறுவனத்திடம் முன்பே கொடுத்து, மாற்று ஓட்டுநர் தேவையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விமானத்தில் போனால் சாதாரணப் பெட்டிக்கு 50 பவுண்டு, நீளம் அகலம் உயரம் கூட்டி 62 அங்குலம் என்பது வழக்கமான வரம்பு. சூசஃபோனும் பேஸ் டிரம்மும் அதைத் தாண்டும். அவற்றை லாரியில் முன்னதாக அனுப்பவோ போகும் ஊரில் வாடகைக்கு எடுக்கவோ ஏற்பாடு செய்யுங்கள். வால்வு எண்ணெய்க் குப்பியில் தீப்பற்றும் என்று எழுதியிருந்தால் அது எந்தப் பையிலும் போகக் கூடாது.

கையோடு வர வேண்டியவை

இன்ஹேலர், கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் எபிபென் ஊசி இரண்டும் ஒருபோதும் பஸ்ஸில் இருக்கக் கூடாது. பேண்டோடு நடந்துவரும் பெரியவரின் தோள்பையில், பிள்ளையின் பெயர் ஒட்டி, இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் அந்தப் பிள்ளை இருக்கும் பக்கமே நடக்கட்டும். நடந்து வர எத்தனை பெரியவர்களுக்கு அனுமதி என்பதை அமைப்பாளர்களே முடிவு செய்வார்கள். அனுமதி அட்டை இல்லாதவரைத் தடுப்பைத் தாண்ட விட மாட்டார்கள்.

பழுதுப் பை ஒன்றும் கூடவே வர வேண்டும். டிரம் தோலை இறுக்கும் சாவி, நான்கு ஜோடி டிரம் குச்சி, ரீடுகள் (கிளாரினெட், சாக்ஸஃபோன் ஊதுமுனையில் அதிரும் மெல்லிய தகடு) ஒரு பெட்டி, வால்வு எண்ணெய், கார்க் கிரீஸ், சிறிய திருப்புளி, ரப்பர் பேண்ட், அகலமான ஒட்டு நாடா, ஊசி நூல், கையுறை பத்து ஜோடி, தொப்பி நாடா ஐந்து, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை. சாக்ஸஃபோனில் ஸ்பிரிங் ஒடிந்தால் அந்த ரப்பர் பேண்டை விரலால் அமுக்கும் சாவியில் மாட்டி அணிவகுப்பு முடியும்வரை சமாளிக்கலாம். பேஸ் டிரம் தோல் கிழிந்தால் இரண்டு பக்கமும் ஒட்டு நாடா. சிக்கிய ஊதுமுனையை எடுக்கும் கருவியை லாரியில் வையுங்கள். கையால் முறுக்கி இழுத்தால் குழாய்தான் வளையும்.

அந்த நாள் காலை

இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பு சாப்பாடு. பால், எண்ணெய் அதிகம் வேண்டாம். தண்ணீர் முந்தைய மாலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வர வேண்டும். காலையில் மொத்தமாகக் குடித்தால் வரிசையில் நிற்கும்போது தவிப்பு. தோள்வார் வைத்த சீருடைக் காற்சட்டையைக் கழற்ற நேரமாகும். அதனால் கடைசியாகக் கழிப்பறைக்குப் போன பிறகே மேலங்கியைப் பூட்டச் சொல்லுங்கள். 150 பேருக்கு அது நாற்பது நிமிட வேலை.

நின்று காத்திருக்கும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குத் தலைசுற்றும். காலில் ரத்தம் தேங்குவதுதான் காரணம். முழங்காலைத் துளி மடக்கி, விரல்களை அசைத்துக்கொண்டே நிற்கப் பழக்குங்கள். யாராவது விழுந்தால் பின்னால் வருபவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பெரியவர் பார்த்துக்கொள்வார் என்பதையும் ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.

வழியில் ஊர்வலம் நிற்கும், பிறகு திடீரென வேகமெடுக்கும். முன்னால் இடைவெளி விழுந்தாலும் ஓடக் கூடாது. டிரம் மேஜர் எட்டை நீட்டி மெல்லப் பிடிக்க வேண்டும். மழை பெய்தால் பாதசாரிக் கோடுகளின் வண்ணப்பூச்சும் சாக்கடை மூடிகளும் வழுக்கும். முன்னால் குதிரைகள் போயிருந்தால் சாணத்தைப் பார்த்ததும் முன்வரிசை பின்வரிசைக்கு ஒரு சொல்லில் தெரிவித்து, ஒரு எட்டு விலகி உடனே வரிசைக்குத் திரும்பட்டும். பேனர் பிடிப்பவர்கள் காற்றோடு மல்லுக்கட்டிக் களைப்பார்கள். அவர்களுக்கு மாற்று ஆட்கள் இருவர் ஓரமாக நடந்து வரட்டும்.

முடியும் இடத்தில் அமைப்பாளர்கள் அவசரப்படுத்துவார்கள். பின்னால் வரும் பேண்டுக்கு இடம் வேண்டும் அல்லவா? ஆனாலும் பஸ்ஸில் ஏறும் முன் தலைகளை எண்ணுங்கள், லாரி வாசலில் வாத்தியங்களை எண்ணுங்கள். இரண்டும் பட்டியலோடு ஒத்த பிறகே கிளம்ப வேண்டும். நனைந்த வாத்தியங்களைத் துடைக்காமல் பெட்டியில் பூட்டக் கூடாது. நனைந்த சீருடையைப் பையைத் திறந்து தொங்கவிடுங்கள். மடித்து வைத்தால் ஊர் வந்து சேர்வதற்குள் சாயம் ஒன்றில் ஒன்று ஏறியிருக்கும்.